வலியதுறைப் பாலத்துத் தார்

எங்கள் கரமனைத் தெருவில் இன்று தார் போடுகிறார்கள். வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டிவிட்டதால் காலையிலிருந்து உள்ளேயே கிடக்கிறேன். தார்ப்புகை மூக்கில் ஏறியதும் வலியதுறைக் கடல்பாலம் கண்முன் வந்துவிட்டது.

அப்போது நான் சின்னக் குழந்தை. அன்று ஆடி அமாவாசை. அப்பா மணலில் தர்ப்பணம் செய்துகொண்டிருந்தார். மராமத்து நடந்த பாலத்தை மறித்துக் கயிறு கட்டியிருந்தது. எங்கள் தெருவில் விசேஷ நாட்களில் கயிறு கட்டுவது, குளித்து மடியாக இருப்பவர்கள்மேல் பிறர் பட்டுவிடாமல் இருக்கத்தான். இதையும் அப்படியே நினைத்த அம்மா, ஈரப்புடவையோடு என்னையும் இழுத்துக்கொண்டு கயிற்றுக்குள் நுழைந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும், எங்களுக்குப் பின்னால் பலகை பெயர்ந்து கடலில் விழுந்தது. தார் பூசிக்கொண்டிருந்த ஆள் ஓடிவந்து இடைவெளிக்கு அப்பாலிருந்து கை நீட்டினார்.

"கை பிடிங்க அம்மா, பேடிக்கண்டா, பயப்படாதீங்க."

"மடியா இருக்கேன், தொடப்படாது. வேற பலகை போடுங்கோ."

"வேற பலகை இல்லம்மா. நிக்கறதும் இப்பப் போகும்."

அம்மா என்னை மட்டும் தூக்கிக் கொடுத்தாள். அவள் அங்கேயே நின்றாள். அடித்த அலையில் பாலம் குலுங்கியது. நான் அலறினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் கையை நீட்டினாள்.

வீட்டில் எவ்வளவு தேய்த்தும் அம்மாவின் உள்ளங்கைத் தார் போகவில்லை. பரிமாறும்போது அப்பா கேட்டார்.

"கையில என்னடி?"

"அடுப்புக்கரி."

தார் தேய்ந்து மறையும்வரை அம்மா கையை விரித்ததை நான் பார்க்கவில்லை.

வாசலில் இப்போது தார் போடுகிறவர்களில் ஒருவர் பலகை வைத்துக் கை நீட்டுகிறார்.

"வெளிய வரணுமா அம்மா?"

"வேண்டாம், மடியா இருக்கேன்" என்கிறேன்.

நான் இன்னும் குளிக்கவே இல்லை.