புல் வெட்டும் மிஷினும் குர்பான் மாடும்

நான் கொஞ்ச நாள் ஒரு மிஷினுக்குக் காவலாளாக இருந்தேன். பிள்ளைகள் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் உங்கட மாமா சாட்சி.

காட்டுத் தீயைத் தடுக்கிற திட்டம் ஒன்றுக்காக அதைக் கொண்டுவந்திருந்தார்கள். உழவு மிஷின் அளவு இருக்கும். சாரதி இல்லை, எண்ணெய் இல்லை, பற்றரியில் தானாகவே ஓடும். வயலுக்கும் காட்டுக்கும் நடுவில் காய்ந்து நிற்கிற இலுக்குப் புல்லை வெட்டி அள்ளி, வெறும் தரையாக ஒரு பாதை விடும். தீ வந்தால் அந்தப் பாதையோடு நின்றுவிட வேண்டும் என்பது கணக்கு. என்ட வேலை அதற்குப் பின்னால் நடப்பது.

பாதை காட்டோரம் இருந்த மாமாவின் மாட்டுப் பட்டிவரை வந்துவிட்டது. போன வருசம் அந்தப் பட்டியும் வைக்கோல் போரும் தீயில் போனவை. இந்த முறையும் போய்விடக்கூடாது என்று மாமா தினமும் வந்து, மிஷினுக்கு ஸலாம் சொல்லாத குறையாக நின்றார்.

பட்டியில், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அறுத்துக் கொடுக்க ஏழு வீட்டார் சேர்ந்து வாங்கின குர்பான் மாடு ஒன்று கட்டியிருந்தது. ஏழு வீட்டாரும் முறைவைத்து வந்து வாழைப்பழம் ஊட்டினார்கள். அதனால், தன்னை நோக்கி எது வந்தாலும் சாப்பாடு கொண்டுவருகிறது என்பது அந்த மாட்டின் எண்ணம். ஒரு நாள் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் மிஷினுக்கு முன்னால் படுத்துக்கொண்டது.

மிஷின் நின்றது. உயிருள்ள எது முன்னால் இருந்தாலும் நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் மரம். சுற்றிப் போகவும் வழியில்லை. ஒரு முற்றத்தளவு புல்தான் பாக்கி. காட்டுப் பக்கமிருந்து காய்ந்த கச்சான் காற்று அடிக்கிறது. மாட்டுக்குத் தளிர்ப்புல் முளைக்கட்டும் என்று யாரோ காட்டுக்குள் வைத்த தீயின் புகையும் தெரிகிறது.

நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். மாடு அசை போட்டது. ஒரு கம்பை முறித்தேன்.

“கம்பப் போடு மச்சான்,” என்றார் மாமா. “கால் நொண்டினா ஏழு வீட்டுக் குர்பானும் போச்சு.”

“அப்ப பட்டி?”

“பட்டியத் திருப்பிக் கட்டலாம். பழுதான மாட்ட எப்பிடிக் குடுக்கிற?”

திட்டத்து ஒபிசுக்குப் போன் எடுத்து, மாடு பயந்து எழும்பும்படி ஓரடி முன்னுக்கு வர மட்டும் மிஷினின் கண்ணைக் கொஞ்ச நேரம் மூடிவைக்க ஏலுமா என்று கேட்டேன். அங்கே வேலை பார்க்கிற பெண்பிள்ளை, அது மட்டும் ஏலாது என்று மரியாதையாகச் சொன்னா. எங்களுக்கும் அந்த மாட்டைத் தொட ஏலாது, மிஷினுக்கும் ஏலாது.

கத்தியும் மண்வெட்டியும் எடுத்து நாங்களே வெட்டத் தொடங்கினோம். இலுக்கு கையெல்லாம் அறுத்தது. மிஷின் பச்சை விளக்கோடு பார்த்துக்கொண்டு நின்றது. கடைசிப் புல்லுக் கட்டை இழுத்துப் போடும்போது போன் அடித்தது. அதே பிள்ளைதான். அந்த இடத்தில் புகை இருப்பதாக மிஷின் அறிவித்திருக்கிறதாம், நான் கவனமாக இருக்க வேண்டுமாம். இருமிக்கொண்டே ஓம் என்றேன்.

புகை மூக்கில் ஏறியதும் மாடு தானாக எழும்பிப் பட்டிக்குப் போனது. மிஷின் உடனே முன்னுக்கு வந்து, நாங்கள் வெட்டி முடித்த வெறும் தரையை மிகத் துப்புரவாக இன்னொரு தரம் வெட்டியது.

தீ வந்தது. பாதை ஓரத்தில் சடசடவென்று எரிந்தது. இந்தப் பக்கம் பிடிக்க ஒன்றும் இல்லாமல் அடங்கியது. ஒரேயொரு பொறி பறந்து பட்டி வேலியில் விழுந்தது. ஈரச் சாக்கால் அடித்து அணைத்தோம்.

உள்ளே போனால், வைக்கோல் போரின் ஒரு பக்கத்தை மாடு பிய்த்துத் தின்றுகொண்டு நிற்கிறது. மாமா அதைத் துரத்தவில்லை. நாலு காலையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தன் கையில் இருந்த இரத்தத்தைக் கழுவப் போனார்.