ஹீரோ வந்துபோன மூன்றாம் நம்பர் பிரஸ்

1. டேப்

சாமுவேலின் வலது கையில் நான்கு விரல்கள் போன அன்று பிரஸ்ஸின் மெயினை அணைத்தவன் நான்தான். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், கார்களுக்குத் தகடு பாகங்கள் அடித்துக்கொடுக்கும் கம்பெனி அது. நான் டை செட்டர். பிரஸ்ஸில் டையை, அதாவது தகட்டை வெட்டி வடிவாக்கும் அச்சை, ஏற்றிச் சரிபார்த்து நான் ஓகே சொன்ன பிறகுதான் ஆபரேட்டர் ஓட்டமுடியும்.

பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் தகட்டை அடிக்கும் ரேம் மேலிருந்து இறங்கும். அப்போது கை டைக்குள் இருக்காது. ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அப்படி ஓட்டினால் டார்கெட் வராது. அதனால் ஒரு பட்டனை டேப் சுற்றி அழுத்திக் கட்டிவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். டேப்பை ஸ்டோரே கொடுக்கும். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. நான் பிரித்துப் போட்டால் ஆபரேட்டர்கள் என்னைத்தான் திட்டுவார்கள். "ணா, நீ பாட்டுக்குப் பிரிச்சிட்டுப் பூடுவ. டார்கெட்ட உன் மாமியாரா வந்து அடிப்பாங்க?"

இதற்கு ஒரே வழி லைட் கர்ட்டன். பிரஸ்ஸுக்கு முன்னால் இரண்டு பக்கமும் இரண்டு கம்பம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒளி. கை குறுக்கே போனால் ரேம் நின்றுவிடும். பட்டனைக் கட்டியிருந்தாலும் கை தப்பும். ஒவ்வொரு சேஃப்டி மீட்டிங்கிலும் கேட்டேன். "பாக்கலாம் தேவராஜ், பட்ஜெட் வரட்டும்" என்பார் மேனேஜர். சாமுவேலின் விரல்கள் போன பிறகும் கேட்டேன். பட்ஜெட் வரவில்லை. அதே மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அவன் இடத்துக்குச் செல்வி என்ற பெண்ணைப் போட்டார்கள். கவரைப்பேட்டையிலிருந்து வருகிறவள். ரத்தம் துடைத்த மெஷின் என்று தெரிந்தேதான் நின்றாள்.

2. அழுகை வரவில்லை

அதன் பிறகு டிவிக்காரர்கள் வந்தார்கள். கஷ்டப்படும் ஒருவரின் வேலையை ஒரு சினிமா நடிகர் ஒரு நாள் செய்து காட்டுவார். திரையின் அடியில் போன் நம்பர் ஓடும். பார்ப்பவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணம் அனுப்புவார்கள். சாமுவேலுக்காக ஒரு நடிகர் எங்கள் மூன்றாம் நம்பரில் வேலை செய்யப்போகிறார் என்றார்கள்.

ஷெட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். கக்கூஸுக்குக் கதவு வந்தது. ஷூட்டிங்குக்கு முந்தின நாள் இரண்டு பேர் வேனில் வந்து மூன்றாம் நம்பரில் லைட் கர்ட்டனை மாட்டினார்கள். நான் மேனேஜரைப் பார்த்தேன். "ஹீரோ கைக்கு ஏதாவது ஆச்சுன்னா யாருப்பா பதில் சொல்றது?" என்றார். கூச்சமே இல்லாமல் சொன்னார்.

மறுநாள் நடிகரின் முகத்தில் ஒருவன் தண்ணீரைத் தெளித்தான். அது வேர்வை. என்னிடமிருந்து பழைய கையுறையை வாங்கி மாட்டிவிட்டார்கள். அது உழைப்பு. சாமுவேலை ஸ்டூலில் உட்காரவைத்து, "அண்ணா, கைய கொஞ்சம் மேல தூக்குங்க, லைட்ல காட்டுங்க" என்றான் டைரக்டர். நாலைந்து தடவை தூக்கவைத்தான். சாமுவேலின் மனைவி கலாவிடம், "அக்கா, அன்னிக்கு நடந்தத நெனச்சுப் பாருங்க, தானா அழுகை வரும்" என்றான்.

"அது அழுது முடிச்சாச்சு சார்," என்றாள் கலா. "இப்ப பசிதான் வருது. நாஷ்டா கூட துன்னாம கூட்டியாந்து குந்த வெச்சிகினு இருக்கீங்க."

அது டிவியில் வரவில்லை.

நடிகரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ரேம் இறங்கும்போது ஒளிக்குக் குறுக்கே நான் ஒரு குச்சியை நீட்டிக் காட்டினேன். ரேம் பாதியில் நின்றது. அவர் குச்சியைப் பார்த்தார், சாமுவேலின் கையைப் பார்த்தார். "இது அன்னைக்கு இருந்துச்சா?" என்று கேட்டார். மேனேஜர் டைரக்டரைப் பார்த்தார். டைரக்டர் "கட்" என்றான். நடிகர் இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேரவனுக்குள் போய்விட்டார்.

3. திரும்பி வந்த வேன்

மறுநாள் காலை அதே வேன் வந்தது. லைட் கர்ட்டன் வாடகைக்கு எடுத்ததாம். ஸ்பேனரோடு மெஷினிடம் வந்தவர்களைச் செல்வி மறித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா, கழட்றீங்களா? நேத்து அவருக்கு மட்டும்தான் கையா? எனக்கு இன்னா, முறமா?"

மேனேஜர் வந்தார். "செல்வி, பேஜார் பண்ணாத. தேவராஜ், டைய ஏத்து. லோடு இன்னிக்குப் போவணும்."

"ஏத்த மாட்டேன் சார்," என்றேன்.

"ரிடையர் ஆவுற நேரத்துல உனக்கு ஏன்யா இந்த வீம்பு?"

எனக்குக் கோபம் வந்தது. கத்தினால் என்னை வெளியே அனுப்பிவிட்டு வேறு செட்டரைக் கூப்பிடுவார் என்று தெரியும். அவருக்கு எது வலிக்கும் என்பதும் தெரியும். "சார், ஞாயித்துக்கெழம நம்ம மெஷினு லைட் கர்ட்டனோட டிவில வரப்போவுது. நம்ம சரக்க வாங்குற கார் கம்பெனிக்காரங்களும் பாப்பாங்க. அடுத்த ஆடிட்டுக்கு வந்து, அது எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவீங்க? வாடகைன்னா?"

அவர் வேனைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்து வேன்காரர்களிடம், "அது இருக்கட்டும், நாங்களே வாங்கிக்கறோம்" என்றார். நான் டையை ஏற்றினேன்.

4. என்ன மிச்சம்

வந்த பணத்தில் சாமுவேலுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு பெட்டிக்கடை. நான் அந்த நிகழ்ச்சியைத் திட்டினால் அவன் சிரிப்பான். "உனக்கு இன்னாணா, நீ திட்டிகினு போயிடுவ. எனக்குக் கட வந்துச்சில்ல?" இடது கையால் டீ ஆற்ற அவன் பழகிக்கொண்டான். அந்த டீயைக் குடித்துக்கொண்டேதான் நான் திட்டுவேன்.

மூன்றாம் நம்பருக்கு ஆபரேட்டர்கள் வைத்த பெயர் ஹீரோ மெஷின். ஷிஃப்ட் தொடங்கும்போது அதில் நிற்பதற்குச் சண்டையே நடக்கும். செல்வி மட்டும் அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டாள். மற்ற பிரஸ்களுக்கு லைட் கர்ட்டன் கடைசிவரை வரவில்லை. கேமரா அவற்றின் பக்கம் திரும்பவில்லை, அவ்வளவுதான் காரணம். நான் ரிடையரான நாளிலும் அவற்றின் பட்டன்களில் டேப் இருந்தது.

இப்போது வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்கிறேன். டிவிக்காரன் உங்கள் கம்பெனிக்கு வந்தால் அவனைத் துரத்தாதீர்கள், அழுதும் காட்டாதீர்கள். அவனைக் கூட்டிப்போய் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் நிறுத்துங்கள். ஹீரோ எல்லா மெஷினையும் ஓட்டவேண்டும் என்று அடம்பிடியுங்கள். அவர் கைக்காக எதை மாட்டுகிறார்களோ, அதைக் கழற்ற வரும்போது குறுக்கே நில்லுங்கள். அறுந்த கைக்கு அழ ஊரே வரும். முழுக் கையைக் காப்பாற்ற, பக்கத்து மெஷின்காரனைத் தவிர வேறு எவனும் வரமாட்டான்.