கஸ்டமர் பேசும் பக்கம்

1. டெட் ஏர்

கல்பனாவுக்குக் கடைசி வார்னிங் கொடுத்த மத்தியானம் அவள் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. புளியோதரை. எனக்கு வயிறு எரிந்தது.

ஹைதராபாத் உப்பலில் ஒரு கால் சென்டர். வெளிநாட்டு ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றுக்கு வரும் கஸ்டமர் கால்களை நாங்கள் எடுத்தோம். நான் குவாலிட்டி பிரிவு. ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பதிவான கால்களைக் கேட்டு மார்க் போடுவது வேலை. "ஊரான் பேச்சை ஒட்டுக்கேட்டு சம்பளம் வாங்கறவ நீ ஒருத்திதான்" என்பார் என் வீட்டுக்காரர். மறுப்பதற்கில்லை.

கல்பனா அல்வாலில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அப்பா டிஃபென்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். மகள் பெரிய கிளாஸ் போன பிறகு, பல வருடம் கழித்து வேலைக்கு வந்தாள். சாட்டில் எழுதிப் பதில் சொல்லும் வரை கெட்டிக்காரி. வாய்ஸுக்கு மாற்றியதும் தடுமாறினாள். கஸ்டமர் காத்திருக்க, ஏஜென்ட் வாயைத் திறக்காமல் விடும் மௌனத்துக்கு எங்கள் தொழிலில் டெட் ஏர் என்று பெயர். அவள் கால்களில் அது குழி குழியாகக் கிடந்தது.

டீம் லீடர் நவீன் தெலுங்குக்காரர், நல்ல மனிதர்தான். அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "மேடம், ஒரு கேள்வி கேட்டா வாரங்கல் போயிட்டு வர்ற அளவுக்கு கேப் விடறாங்க. கிளையன்ட் ஆடிட்ல இதையே பண்ணினா என்னால காப்பாத்த முடியாது."

கேன்டீனில் நான் அவளைக் கிண்டினேன். ஆபீஸுக்குள் என்னை மேடம் என்பாள். சாப்பாட்டு மேஜையில் அக்கா. பேச்சில் ஹைதராபாத் உருது கலக்கும்: 'கைக்கு' என்றால் ஏன், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

"கைக்குக்கா எனக்கு மட்டும் இப்படி ஆகுது? வார்த்தை எல்லாம் தெரியும். 'டிசிஷன்' டக்குனு வந்துடுது. அதுக்கு முன்னாடி என்ன போடறதுன்னு தேடறதுக்குள்ள அவங்க ஹலோ ஹலோங்கறாங்க. இந்த வேலையும் போச்சுன்னா வீட்ல 'நாங்கதான் அப்பவே சொன்னோமே'ம்பாங்க. அதைத்தான் தாங்க முடியாது."

வியாதி என்னவோ அதுவேதான். ஆங்கிலத்தில் முடிவை 'மேக்' பண்ண வேண்டும், போட்டோவை 'டேக்' பண்ண வேண்டும். மழை 'ஹெவி', டீ 'ஸ்ட்ராங்'. 'குட்'டுக்குப் பின்னால் 'அட்', 'அஃப்ரெய்ட்'டுக்குப் பின்னால் 'ஆஃப்'. ஏன் என்று கேட்டால் பதில் கிடையாது. நாம் மட்டும் என்ன வாழ்ந்தோம்? நமக்குக் கோபம் வருகிறது, சண்டை போடுகிறோம், பொய் சொல்கிறோம், கடன் வாங்குகிறோம். வெயில் கொளுத்தும், மழை கொட்டும். இதை யாரும் உட்கார்ந்து படித்ததில்லை. காதில் விழுந்து விழுந்து ஒட்டிக்கொண்டது.

2. பெஸ்ட் கால்

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம். வெள்ளிக்கிழமைதோறும் ட்ரெய்னிங் ரூமில் பெஸ்ட் கால் போடுவார்கள். அதிக மார்க் வாங்கிய ஏஜென்ட் பேசியதை எல்லோரும் கேட்டு, அப்படியே பேச வேண்டும். அவர் யாரைக் கேட்டுக் கற்றார்? அதற்கு முந்தைய பெஸ்ட் காலை. ஒருத்தர் "கைண்ட்லி பி ஆன் த லைன்" என்று ஆரம்பித்தால் ஜலதோஷம் மாதிரி ஃப்ளோர் முழுக்கப் பரவும். நாங்கள் சமைத்ததையே நாங்கள் சுடவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கும் அது உறைத்ததில்லை.

வார்னிங் வாங்கிய வாரத்து வெள்ளிக்கிழமை கல்பனா கையைத் தூக்கினாள்.

"சார், எப்பவும் நம்ம ஆளுங்க பேசறதையே கேக்கறோம். அந்தப் பக்கம் ஒருத்தர் பொறந்ததுலேர்ந்து இங்கிலீஷ் பேசிட்டு இருக்காரே, அவரைக் கேக்கலாமே?"

"அவங்க திட்டத்தானே செய்யறாங்க? அதையா கத்துக்கப் போறீங்க?" என்றார் நவீன். ரூமே சிரித்தது.

"ஹவ் சார். திட்டும்போதுதான் யாரும் யோசிச்சுப் பேச மாட்டாங்க."

எனக்குக் கை தட்ட வேண்டும் போல இருந்தது. கடைசி வார்னிங்கைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்க என்ன தைரியம் வேண்டும்!

3. திட்டு ஸ்பெஷலிஸ்ட்

நவீனிடம் அனுமதி வாங்கினேன். ஷிஃப்டுக்கு முன்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து பழைய கால்களைக் கேட்பாள். ஆத்திரக்காரர்களாகப் பார்த்து நான் பொறுக்கிப் போடுவேன். நம் ஏஜென்ட் பேசும் முறை வந்தால் ஹெட்செட்டை நகர்த்திவிட்டு முறுக்கைக் கடிப்பாள். கஸ்டமர் வாயைத் திறந்தால் முறுக்கு அந்தரத்தில் நிற்கும்.

தனி வார்த்தை எதற்கும் அவள் அர்த்தம் கேட்டதே இல்லை. கூட்டத்தோடுதான் பிடிப்பாள். 'ஃபெட் அப் வித்', 'ரன் அவுட் ஆஃப் பேஷன்ஸ்', 'கம்ப்ளீட்லி டெட்', 'லுக் இன்டு இட்'. வாய்விட்டு, அதே கோபத்தோடு, திருப்பிச் சொல்வாள். மெட்ரோவில் ஜன்னலைப் பார்த்து "ஐ ஆம் ஃபெட் அப் வித் யூ" என்று சொன்னதில் பக்கத்து சீட் ஆள் எழுந்து போய்விட்டாராம்.

"இத்தனை நாள் மிக்ஸி ஒரு கடையில வாங்கி ஜாரை வேற கடையில தேடிட்டு இருந்தேங்க்கா. இப்ப செட்டாவே எடுத்துடறேன்" என்றாள்.

"கிராமர் புக் ஒண்ணு கொண்டாரட்டுமா?"

"நக்கோக்கா. இன்னும் ரெண்டு திட்டு போடுங்க."

திட்டு ஸ்பெஷலிஸ்ட் என்று பெயர் வைத்தேன். மார்க் போட்டே தேய்ந்த என் காதுக்கு அவளால் வேலை மறுபடி ருசித்தது. சும்மா சொல்லவில்லை.

4. ஆடிட்

ஆடிட் அன்று ஃபிரிட்ஜ் கம்பெனியிலிருந்து வந்த கிளையன்ட் பெண்மணி என்னோடும் நவீனோடும் உட்கார்ந்து, கல்பனா பேசுவதை நேரலையில் கேட்டார். வந்தது ஒரு வயதான அம்மாளின் குரல். ஃபிரிட்ஜ் செத்துவிட்டது, உள்ளே கணவரின் இன்சுலின் இருக்கிறது, குரல் நடுங்குகிறது.

ஸ்கிரிப்ட் படி 'இன்கன்வீனியன்ஸு'க்கு மன்னிப்புக் கேட்டு, கம்ப்ளெய்ன்ட் நம்பர் தர வேண்டும். கல்பனா முதலில், "யூ மஸ்ட் பி வொரீட் அபௌட் த இன்சுலின்" என்றாள். கொஞ்சமும் இடைவெளி இல்லை. நம்பக்கூடிய பக்கத்து வீட்டார் யாராவது உண்டா என்று கேட்டாள். உண்டு. மருந்தை உடனே அவர்கள் ஃபிரிட்ஜில் கொண்டுபோய் வைக்கச் சொன்னாள், அது இன்னும் சரியாக இருக்கிறதா என்று மருந்துக் கடையில் கேட்டுக்கொள்ளச் சொன்னாள். "ஐ'ல் ஸ்டே ஆன் த லைன்" என்றாள்.

அந்த அம்மாள் மருந்தை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். லைனில் மௌனம்.

ரூல் என்னவென்றால் உடனே ஹோல்டில் போட்டு மியூசிக் விட வேண்டும். கல்பனா போடவில்லை. ஸ்கிரீனில் டெட் ஏர் சிவப்பாக ஏறிக்கொண்டே போனது. நவீன் தலையில் கை வைத்துக்கொண்டார். ஹோல்டைப் போடு பெண்ணே, போட்டுத் தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். அவள் அசையவில்லை.

கதவுச் சத்தம் கேட்டது. மூச்சு வாங்கும் சத்தம். "ஆர் யூ ஸ்டில் தேர்?"

"ரைட் ஹியர், மேடம்."

அந்த அம்மாள் அழுதுவிட்டார். நானும்தான், ஒளிப்பானேன். அதன் பிறகு அவசர சர்வீஸ் பதிவாகி, கால் முடிந்தது. கிளையன்ட் பெண்மணி ஹெட்செட்டைக் கழற்றி, அந்த மௌனத்துக்கு மார்க் குறைக்கக் கூடாது என்று நவீனிடம் சொல்லிவிட்டுப் போனார். கல்பனாவின் வேலை நிலைத்தது.

"ஹோல்ட்ல போட்டிருக்கலாமே, போடாம இருக்க எப்படி தைரியம் வந்தது?" என்று கேட்டேன்.

"அத்தனை திட்டும் எதுக்குன்னு நீங்க கவனிக்கலையாக்கா? ஃபிரிட்ஜ் கெட்டதுக்கு இல்ல. மியூசிக் போட்டுட்டு நாம காணாம போனதுக்கு."

அதே கால்களை எத்தனை காலமாகக் கேட்டவள் நான்! ஆங்கிலம் பிடிபட வேண்டும் என்று வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வார்த்தையைத் தனியாகப் பிடுங்காதீர்கள், அது யாரோடு வருகிறது என்று கேளுங்கள். அப்படிக் கேட்கிற காதுக்கு, பேசுகிற ஆளின் மனசும் கேட்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெஸ்ட் கால் கல்பனாவுடையது. அவள் குரல் ஸ்பீக்கரில் வந்ததும் ரூமே கை தட்டியது. கல்பனா எழுந்தாள்.

"மேடம், நான் பேசறதை மியூட் பண்ணிடுங்க. அந்த அம்மா பேசறது மட்டும் ஓடட்டும்."