ஈரல் என்றால் சாராயமா?

போன வருடம் ஐப்பசி மழையில், இலங்கை மலையகத்தில், டிக்கோயாவுக்கு அந்தப் பக்கம் உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது. நினைத்தால் இப்போதும் ரத்தம் கொதிக்கிறது.

என் அக்கா கொழுந்து பறிப்பவள். சில வருடங்களுக்கு முன் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். வெட்கத்தில், நாங்கள் குடியிருக்கும் லய வீடுகளில் எல்லாரிடமும் வயிற்று ஆபரேஷன் என்றே சொல்லி வைத்திருந்தாள். போன வருடம் அது ஈரலில் ஓர் இடத்துக்குப் பரவிவிட்டது. அந்த இடத்தை மட்டும் குறிவைத்துக் கதிர் பாய்ச்சலாம், சில தடவை வந்தால் போதும் என்றார் கொழும்பு டாக்டர். மூச்சு விட்டால் ஈரலும் அசையுமாம். அதனால் கதிர் பாயும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும்.

முதல் தடவை போய் வந்ததுமே, ஈரலில் நோய் என்ற பேச்சு தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும், "ஈரல் கெட்டிருச்சுனா சாராயந்தான். புருஷனுக்கு ஊத்துறப்ப தானும் ரெண்டு வாய் போட்டிருக்கும்" என்றாராம். கூட நின்ற பெண்களும் சிரித்தார்களாம். சாராய வாடை பட்டாலே என் அக்காவுக்குக் குமட்டும்.

"இனி நான் கொழும்புக்கு வரல தங்கச்சி. அங்க போனா இன்னுந்தான் பேசுவாங்க. குடிச்சுச் செத்தவங்கிற பேர் எனக்கு வேணாம்" என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் சண்டை போடவே மடுவத்துக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள், பின்னாலேயே வந்த அக்கா முந்திக்கொண்டாள்.

"ஐயா, எனக்கு மொதல்ல புத்துநோய் வந்தது மாருல. அறுத்து எடுத்துட்டாங்க. வெக்கத்துல வயித்து ஆபரேஷன்னு பொய் சொன்னேன். அதுதான் இப்ப ஈரலுக்குப் போயிருக்கு. சாராயத்த நான் மோந்துகூடப் பாத்ததில்லீங்க."

கணக்கப்பிள்ளை தராசை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பொம்பளைங்க விஷயமெல்லாம் இங்க எதுக்கு?" என்றார். அவருக்குக் கூசியதாம். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

மிச்சத் தடவைகளுக்கும் அக்கா போனாள். திரும்பும் பஸ்ஸில், "மூச்ச புடிங்கன்னு சொன்னப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு. இத்தன வருஷமா அதத்தானே செஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பெண் மார்பு என்று சொன்னால் கூசுகிற காது, அவளைக் குடிகாரி என்று சொல்லிச் சிரிக்கும்போது மட்டும் கூசவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.