முன்னாலேயே கிளம்பிவிட்ட பெட்டி

ஊருக்கு வந்து இறங்கிய நாளிலிருந்தே சங்கிலிமுத்துவின் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கிவிடும். அபுதாபிக் கடலுக்குள் எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் திருத்தங்கலில். நிதியாண்டில் நூற்று எண்பத்தொரு நாளைத் தாண்டி இங்கே இருந்துவிட்டால், அங்கே வாங்கிய வருஷச் சம்பளத்துக்கு இங்கே வரி விழும். அந்தச் சம்பளத்தில்தான் அக்கா பொன்மணிக்கு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. பட்டாசுக் கம்பெனிக்குப் போய் அவனைப் படிக்கவைத்தவள் அவள்.

இந்த வருஷம் டெங்கு வந்து கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. அதைச் சேர்க்க மறந்து, அக்கா மகள் பிரீத்திகாவின் காதுகுத்துக்குப் பங்குனி ஞாயிறு ஒன்றை அவனே சொல்லிவிட்டான். மறுபடி எண்ணினால் வியாழனோடு நாள் தீர்ந்தது. அதற்குள் காரியாபட்டிப் பக்கம் குலசாமி கோயிலுக்கு வேன் பேசி, பங்காளிகள் கம்பெனியில் லீவும் சொல்லிவிட்டார்கள். தாய்மாமன் மடிதான் இல்லை.

புதன்கிழமை காலை முடிவெட்டிக்கொண்டு வந்தவன், பெட்டியைக் காணாமல் திகைத்தான்.

"பெத்தணன் மாமா வீட்ல வச்சிருக்கேன்லே. நல்ல நேரம் இருந்துச்சு" என்றாள் பொன்மணி. "பெட்டி வாசல் தாண்டியாச்சு, நீயும் கெளம்பியாச்சு. இனி இங்கன இருக்கிறது கணக்குல வராது. ஞாயித்துக்கெளம முடிச்சுட்டுப் போ."

நல்ல நேரத்தில் பெட்டியை அடுத்த வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாக அர்த்தம். ஆள் பிறகு சாவகாசமாகப் போகலாம். அவர்கள் வீட்டில் காலங்காலமாக அப்படித்தான்.

"ஏர்போர்ட்ல ஆளுக்குத்தான்க்கா சீல் குத்துவாக. பெட்டிக்குக் குத்த மாட்டாக."

"ஏன், அவக வீட்டுப் பிள்ளைகளுக்குக் காதே குத்த மாட்டாகளா?"

"மடில பிள்ள ஒக்காந்திருந்துச்சு, எந்திரிக்க முடியலைன்னு சொல்லிப் பாரேன் மாப்ள" என்றார் அக்கா கணவர் கருப்பணன்.

சங்கிலிமுத்துவுக்குச் சிரிப்பு வரவில்லை. "இருந்துறட்டுமாக்கா? வீட்ட அடுத்த வருஷம் முடிச்சுக்கிருவோம்."

பொன்மணி பெத்தணன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில், காதுகுத்துக்கென்று வாங்கி அவன் பெட்டியில் வைத்திருந்த கரை வேட்டி இருந்தது.

"பெட்டி போனா ஆளு போன மாதிரின்னா, வேட்டி இருந்தா ஆளு இருக்க மாதிரிதான? பெத்தணன் மாமா மடில இத விரிச்சு பிள்ளைய ஒக்கார வைக்கேன்."

"சாமி ஒத்துக்கிடுமாக்கா?"

"சாமி ஒத்துக்கிடும்லே. ஒங்க வரிக்காரகதான் ஒத்துக்கிட மாட்டாக."

வியாழக்கிழமை அவன் மதுரையில் விமானம் ஏறினான்.

ஞாயிறு மத்தியானம் கிணற்று மேடையில் சாப்பிட உட்கார்ந்தவனுக்கு வீடியோ அழைப்பு வந்தது. சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு பிரீத்திகா விசும்பிக்கொண்டிருந்தாள். புதுக் கம்மல் ஆடியது.

"அழுதாளாக்கா?"

"அழுதா. வேட்டியவும் நனைச்சுட்டா" என்றாள் பொன்மணி. "பெத்தணன் மாமா மேல ஒரு சொட்டு படலலே. அம்புட்டும் ஒன் மடிலதான்."