படலைக்கு வெளியில் நின்ற பாலன்

பாலன் போய்விட்டான்.

அக்கராயனில் தண்ணீர் மெசின் திருத்துகிற பாலன்தான். நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில்... குடியை விட்டு ஆறு வருடம். ஈரல் அவனை விடவில்லை.

எல்லாரும் போட்டோ போட்டு நல்லவன், நல்லவன் என்கிறீர்கள். போடுங்கள். எனக்கு அவனோடு பதினாலு வருடக் கோபம்.

என் மனிசன் செத்த எட்டாம் நாள், படத்துக்கு முன்னால் அவருக்குப் பிடித்ததெல்லாம் படைத்தோம். மீன் பொரியல், முட்டை, சுருட்டு, அரைப் போத்தல் சாராயம். படைத்து முடிய அந்தப் போத்தலைத் திறந்தவன் பாலன். என் மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது.

"அப்பாவுக்கு வைச்சதடா, குடி."

அதுதான் அவனுடைய முதல் கிளாஸ். பாலன் அன்று போட்டிருந்த நீலச் சேட்டுக்கூட ஞாபகம் இருக்கிறது எனக்கு.

பிறகு இவன் திருந்திவிட்டான். என் மகன் குடித்துவிட்டு மதகடியில் கிடந்தான்.

போன வருடம் ஒருநாள் பாலன் அவனைத் தூக்கிச் சைக்கிளில் போட்டுத் தள்ளிக்கொண்டு வந்தான். வீட்டு வாசல் படலையில் மறித்தேன்.

"கெடுத்தவனே கொண்டுவாறியோ?"

"ஓம் அம்மா. வேறை ஆர் கொண்டுவாறது?"

அதற்குப் பிறகு தினமும் வந்தான். ஒருநாளும் உள்ளே விடவில்லை நான். வெளியில் நின்று மகனைக் கூப்பிட்டு வயலுக்குக் கொண்டுபோவான். மெசினைக் கழற்றி, நடுங்குகிற அந்தக் கையில் நட்டுகளைக் கொடுப்பான்... மகன் நாலைந்தைச் சேற்றுக்குள் விட்டுவிடுவான். இரண்டு பேருமாகத் தடவித் தேடுவார்கள். வயல்காரர் நின்று ஏசுவார்.

பாவத்தைக் கழுவவோ வருகிறாய் என்று ஒருதரம் கேட்டேன்.

"இல்லை அம்மா. அவனைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால்தான் நான் விழமாட்டன்."

"அப்ப என்ரை பிள்ளை உனக்கு மருந்தோ?"

"ஓம்" என்று சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் குடியைத் தொடாமல் பதினொரு மாதம். இனி யார் அவனைப் பிடிப்பது?

இன்று எரித்துவிட்டு வந்த கையோடு, செத்தவீட்டில் பாலனின் தமையன் எட்டாம் நாளுக்குச் சாமான் லிஸ்ட் சொல்கிறார். கடைசியில், "ஒரு போத்தலும் எடுக்கவேணும். தம்பி விரும்பிக் குடிச்சது." பிறகு என் மகனைப் பார்த்து, "நாளைக்கு டவுணுக்கு நீ போறாய்தானே?"

மகன் நிலத்தைப் பார்த்தபடி, "ஓம் அண்ணை" என்றான்.

எழும்பிவிட்டேன்.

"ஆறு வருசம் தொடாதவன்ரை படத்துக்கு முன்னாலை போத்தலோ? அதுவும் என்ரை பிள்ளையையோ எடுக்க விடுறியள்?"

"அக்கா, உங்கடை மனிசன்ரை எட்டுக்கு என்னை விட்டுத்தானே எடுப்பிச்சனீங்கள்? மறந்துபோச்சோ?"

மறக்கவில்லை. பதினாலு வருடமாக ஊற்றிக் கொடுத்தவனை மட்டும்தான் சொல்லித் திரிந்தேன். வாங்குவித்தவளைச் சொல்லவில்லை.

பாலனுக்கும் அது தெரியும். படலையில் நின்று அவ்வளவு ஏச்சு வாங்கியும் ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டவில்லை...

லிஸ்டில் போத்தல் அப்படியே இருக்கிறது. மகன் இன்னும் சாப்பிடவில்லை.

நாளைக்கு அவன் மோட்டார் சைக்கிளில் கிளிநொச்சிக்குப் போகிறான். நானும் பின்னால் ஏறிப் போகிறேன். முழங்கால் மடியாது. ஏறுவேன்.

உன் தமையன் ஏசட்டும் பாலன். போத்தல் வராது.

போயிட்டு வா மோனை.