அக்காவின் மூடாத கண்

எங்கள் அக்கா கண்ணை முழுதாக மூடாமல்தான் தூங்குவாள். மத்தியானம் பாயில் படுத்திருக்கையில் இமைகளின் நடுவே வெள்ளைவிழி ஒரு கோடாகத் தெரியும். பக்கத்து வீட்டுச் சின்னம்மா எட்டிப் பார்த்து, "உங்க வூட்டுக்குப் பூட்டே வேணாம்டி, இவ தூங்கிக்கினே காவல் காக்குறா" என்று சிரிப்பாள்.

பிறந்ததிலிருந்தே அக்காவுக்கு மேல் இமை இரண்டும் பாதிக் கண்வரை தொங்கும். எதிரில் வருபவரைப் பார்க்க முகவாயைத் தூக்கவேண்டும். ஊர் அதைத் திமிர் என்றது. பீங்கான் கம்பெனியில் கோப்பை விளிம்பில் நீலக்கோடு போடும் வேலைக்குச் சேர்ந்தபிறகு கழுத்து வலி தாங்கவில்லை. பாண்டிச்சேரிக்குப் போய் இமைக்கு ஆபரேஷன் செய்துகொண்டாள். துணைக்கு நான் இருந்தேன். அண்ணன் அதற்கு முன்பே பெங்களூருக்கு ஓட்டல் வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

கட்டுப் பிரித்ததும் தலையைத் தூக்காமலே உத்தரத்தைப் பார்த்தாள். அதற்கே அழுதாள். ஆனால் வேலைக்குத் திரும்பியபோது ஒரு கோடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணே போய்விட்டது என்று பயந்து மறுபடி டாக்டரம்மாவிடம் ஓடினோம்.

"இத்தினி வருஷமா இமை உன் கருவிழிய அழுத்திக்கினு இருந்துச்சும்மா. இப்ப பாரம் போயிடுச்சி, கருவிழியோட வளைவு மாறுது. கொஞ்ச மாசத்துல நிலைக்கு வந்துடும். அப்புறம் கண்ணாடி போட்டுக்க, இப்ப அவசரப்படாத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தூக்கித் தச்ச இமை, முழிச்சிருக்கறப்ப இறுக்கினா மூடும், தூக்கத்துல முழுசா மூடாது. கருவிழி காஞ்சா புண்ணாயிடும், பார்வை கெட்டுடும். படுக்கும்போது களிம்பு போட்டு வுடு" என்றார்.

அவர் சொன்னபடியே கோடு ஒன்றானது. களிம்பு என் வேலையானது. அண்ணன் ஊருக்கு வரும் நாள்களில் அக்கா அடுப்படியை விட்டு நகரமாட்டாள். அவள் தூங்கி அவன் பார்த்ததே இல்லை.

போன மாசியில் மஞ்சள் காமாலை அக்காவைக் கொண்டுபோயிற்று. அண்ணன் ரயிலில் வந்து சேர்ந்தபோது அவளைக் கிடத்தியிருந்தோம். இமை நடுவில் தெரிந்த அந்தக் கோடு மஞ்சளாக இருந்தது. கம்மாபுரத்து அத்தை அவன் கையைப் பிடித்து, "பாருடா, உன்ன எதிர்பாத்து கண்ண மூடாம கெடக்குறா" என்றாள். அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

எடுத்துப்போய் எல்லாம் முடிந்தும் அவன் சோறு தொடவில்லை. "கடசி வரைக்கும் என்னத் தேடிக்கினே செத்திருக்கா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. ஆபரேஷன், இமை, களிம்பு எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா தினமும் தூங்கும் முகம்தான் அது, யாரையும் தேடிய முகம் இல்லை என்றேன். கேட்டால் மனம் ஆறும் என்று நினைத்தேன்.

அண்ணன் என்னையே பார்த்தான். "அப்ப என்னத் தேடவே இல்லியா?"

ஆறுதல் சொல்லப்போய், அவனுக்கு மிஞ்சியிருந்ததையும் பிடுங்கிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"தேடுச்சிண்ணே. ஓட்டல்ல எல்லாருக்கும் எல போட்டுட்டு அவன் எப்பத்தான் சாப்புடுவானோன்னு கேட்டுச்சி. வலியில கண்ண இறுக்க மூடிக்கினுதான் கேட்டுச்சி."